சக்கரம் கழற்றிய வீடு

என் மாமா லைமன் டட்டிலின் வாழ்க்கையை நான்கு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும் என்று டட்டில் சிட்டி மாதர் சங்கம் எனக்கு உத்தரவு போட்டது. நான் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் கல்லூரியில் படிக்கிறேன். அங்கே மாணவர் பத்திரிகையில் பேராசிரியர்களைப் பற்றி எழுதி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆகவே எனக்கு எழுத வரும் என்று சங்கம் முடிவு கட்டிவிட்டது. கோடை விடுமுறைக்கு வந்தவனுக்கு வேறு வேலையும் இல்லை. அறுவடைக்கு ஆள் கூப்பிட்ட வாரம் எனக்கு முதுகுவலி.

ஊருக்கு அந்த ஆகஸ்டோடு இருபத்தைந்து வயது. வருடா வருடம் ரயில் நிலையத்துக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கிற தோப்பில் முதல் குடிகள் விருந்து நடக்கும். கோழி வறுவல், ஊறுகாய், பழப் பணியாரம் எல்லாம் தீர்ந்த பிறகு பேர் வாசிப்பு. ஆரம்ப காலத்தில் வந்து அரசாங்கத்திடம் நிலப் பட்டா வாங்கியவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பேர் வந்தவர் எழுந்து நிற்பார், சட்டையில் நீல நாடா குத்துவார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் பேர் எப்போதும் மாமாவுடையது. அவருக்கு மட்டும் நாடா கொஞ்சம் அகலம்.

மாமாவின் வாழ்க்கை எழுதுவதற்குச் சுலபமானது. எல்லாவற்றிலும் அவரே முதல். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்றில் ஓஹையோவிலிருந்து ஒரு வண்டியோடு வந்தார். வண்டியில் ஒரு பீப்பாய் வினிகர், ஒரு பெட்டி ஆணி, ஒரு கதவு, கண்ணாடி போட்ட ஒரு ஜன்னல். கண்ணுக்கு எட்டின தூரம் புல்தான். வீடு என்று ஒன்று இல்லாத இடத்துக்குக் கதவு விற்க வந்திருக்கிறார். இதைத் தொலைநோக்கு என்று எழுதும்படி அவர் மனைவி, சங்கத்தை நடத்துகிற ஹெஸ்டர் அத்தை சொன்னாள், எழுதினேன். முதல் கடை அவருடையது, முதல் மர டிப்போ, முதல் ஓட்டல். முதல் சவப்பெட்டியும் அவர் விற்றதுதான். ரயில் வந்ததும் ஊருக்குத் தன் பேரை வைத்தார். மேயர் தேர்தலில் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார். ஒரே ஒரு தடவை எதிர்த்து நின்றவர் இப்போது அயோவாவில் இருக்கிறார், சுகமாக இருப்பதாகக் கேள்வி.

இந்த வரலாறு மட்டும் போதாது, கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்று சங்கம் நினைத்தது. தேடினார்கள். மர டிப்போவுக்குப் பின்னால், மக்கின பலகைகளுக்கு அடியில், ஒரு சின்னப் பலகை வீடு கிடைத்தது. ஒரே அறை, ஒரு கதவு, நீலச் சட்டம் அடித்த ஒரு ஜன்னல்.

"உங்க மாமாவோட முதல் வீடு இதுதான்," என்றாள் அத்தை, ராத்திரிச் சாப்பாட்டில். "தோப்புல கொண்டு வெச்சு பித்தளைத் தகடு அடிக்கப் போறோம்."

மாமா முள்கரண்டியில் இருந்த உருளைக்கிழங்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"அது மக்கிப்போன சாமான் ஹெஸ்டர். அடுப்புக்கு ஆகும்."

"அடுப்புக்கா? கேட்டியா எல்பர்ட், உங்க மாமாவோட அடக்கத்த?"

"எழுதிக்கறேன் அத்தை," என்றேன். அடக்கம் நாலாவது பக்கத்தில் வந்தது.

வீட்டை உருட்டுக் கட்டைகள் மேல் தள்ளித் தோப்புக்குக் கொண்டு வந்தார்கள். தள்ளியதெல்லாம் பையன்கள். ஐம்பது வயசு தாண்டின ஆண்பிள்ளை ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. பெண்கள் வாளியும் பிரஷ்ஷுமாகத் தேய்க்க ஆரம்பித்தார்கள். அழுக்குப் போய் நீலம் தெரிந்ததும் அல்மீரா பெட்டிபோன் அம்மாள் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். இவளுடைய கணவர் ஹோரஸ் எங்கள் ஊர் பாங்க்குக்குத் தலைவர்.

"இது எங்க வீடு," என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"ஹோரஸ் எத்தனை தடவ சொல்லியிருக்காரு. கல்யாணத்துக்கு முன்னால, தன்னந்தனியா, நீல ஜன்னல் போட்ட குட்டி வீட்ல இருந்தாராம். சூறாவளி தூக்கிட்டுப் போயிடுச்சாம். அது இங்க வந்து விழுந்திருக்கு பாருங்க." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொல்லர் ஏசா க்ரோவெலின் மனைவி ப்ரூடென்ஸ் நிமிர்ந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அல்மீரா. நீல ஜன்னல் எங்களது. ஏசா அதுலதான் குளிர்காலம் பூரா இருந்தாரு."

"அப்ப உங்க வீடு எங்க போச்சாம்?"

"சூறாவளியில."

"எந்தச் சூறாவளி?"

"எந்தச் சூறாவளியா? உங்க வீட்டைத் தூக்கினா மட்டும்தான் அது சூறாவளியா?"

மத்தியானத்துக்குள் மாதா கோயில் மூப்பரின் மனைவி உட்பட இன்னும் மூன்று பெண்களுக்குத் தங்கள் வீடு ஞாபகம் வந்தது. எல்லார் வீட்டுக்கும் நீல ஜன்னல், எல்லார் வீட்டையும் சூறாவளிதான் கொண்டுபோனது. அந்தச் சூறாவளி மாடு, கோழி, வைக்கோல்போர் எதையும் தொடாமல் கல்யாணமாகாதவர்களின் வீட்டை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறது. எதிர்ச்சாரியில் ஹோரஸ் பெட்டிபோன் பாங்க் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார். ஏசா க்ரோவெல் பட்டறையில் நெருப்பே இல்லாமல் இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்.

வாளித் தண்ணீர் அடியில் தேங்குகிறதா பார் என்று அத்தை என்னை வீட்டுக்கு அடியில் அனுப்பினாள். வயிற்றால் ஊர்ந்து போனேன். தண்ணீர் இல்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு வண்டி அச்சுகள் இருந்தன.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் தோப்பில் யாரும் இல்லை. மாமா மட்டும் அந்த வீட்டுக்குள் ஓர் ஆணிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் தாடையைத் தொட்டது. மேயர் உட்கார அது போதுமான வீடு இல்லை.

"மாமா, வீட்டுக்கு அடியில அச்சு இருக்கு."

"இருக்கும்."

"வீட்டுக்கு எதுக்கு மாமா அச்சு?"

"போறதுக்குத்தான்."

நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நிலம் சும்மாதான் குடுத்தாங்க. ஆனா அதுல வீடு இருக்கணும். கதவு, ஜன்னல் வெச்ச வீடு. அதுல நீ குடியிருக்கணும். அப்புறம் ரெண்டு சாட்சியோட சர்க்கார் நிலக் கச்சேரிக்குப் போய் சத்தியம் பண்ணணும். இந்த நாடா குத்திக்கறவனுங்க எங்க குடியிருந்தானுங்க? ஒருத்தன் ரயில் பாதை போடப் போயிட்டான். ஒருத்தன் ஒமாஹாவுல மாட்டுக் கொட்டகையில வேலை. என்கிட்ட கதவு இருந்துச்சு, ஜன்னல் இருந்துச்சு. சுத்திப் பலகை அடிச்சேன். கீழ சக்கரம் மாட்டினேன்."

"அப்புறம்?"

"எவனுக்குப் பட்டா வேணுமோ அவன் நிலத்துக்கு மாடு பூட்டி இழுத்துட்டுப் போவோம். அவன் ஒரு ராத்திரி அதுல படுப்பான். மறுநாள் பைபிள் மேல கைய வெச்சு, என் நிலத்துல வீடு இருக்கு, அதுலதான் தூங்கி எழுந்து வரேன்னு சொல்லுவான். ஒரு வார்த்தை பொய் கிடையாது."

"சாட்சி?"

"ஒண்ணு நான். இன்னொண்ணு, அதுக்கு முந்தின வாரம் வாடகைக்கு எடுத்தவன்."

நான் சிரித்தேன். நிலைப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாங்க் தலைவரும் கொல்லரும் மாதா கோயில் மூப்பரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு ராத்திரி தூங்கி எழுந்து ஒரு ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். பத்திரிகையில் இதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று அப்போதே மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?"

"இல்ல மாமா."

"சீக்கிரம் முடி. மீதி இருக்கு."

மாமா சிரிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பார்போரா ஸெலெங்காவத் தெரியுமில்ல?"

தெரியாதவர் யார். போஹிமியாவிலிருந்து வந்த கிழவி. ஊருக்கு வடக்கே மணல்காட்டில் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் மாமா கடைக்கு முட்டை கொண்டுவருவாள். விருந்துக்குக் கொலாச் கொண்டுவருவாள். நடுவில் குழி பண்ணி கசகசாவோ பிளம்ஸோ வைத்துச் சுட்ட ரொட்டி. ஊரே தின்னும். அவள் பேரைப் பேர் வாசிப்பில் நான் கேட்டதில்லை.

"அவ புருஷன் மத்தேய். எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்தவன். நான் வண்டியோட வந்து நின்னப்ப இந்த ஓடைக்கரையில பொகை வந்துட்டிருந்துச்சு. கரையக் குடைஞ்சு வீடு பண்ணியிருந்தான். அந்த வருஷம் பனிப்புயல்ல அவங்க குழிக்குள்ளதான் கெடந்தேன். வெளிய என் வினிகர் பீப்பா உறைஞ்சு வெடிச்சிருச்சு. நான் வெடிக்கல."

"அவரும் வீட்ட வாடகைக்கு எடுத்தாரா?"

"கேட்டேன். 'எனக்குத்தான் வீடு இருக்கே, உன் வீடு எதுக்கு'ன்னான். சாட்சிக்கு மட்டும் வரச் சொன்னான். போனேன். குழிக்குக் கதவு இருந்துச்சு. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல, எண்ணெய் தடவின காகிதம். சட்டப்படி அது போதும் எல்பர்ட். எனக்கு நல்லாத் தெரியும். அந்த அதிகாரி என்னப் பாத்துக் கேட்டான், 'டட்டில், இவர் சொல்றது வீடுதானா?'ன்னு."

மாமா ஜன்னலின் நீலச் சட்டத்தை நகத்தால் சுரண்டினார்.

"வீடுதான்னு சொல்லியிருந்தா மறுநாளே அத்தன பேரும் மண்வெட்டியத் தூக்கியிருப்பானுங்க. குழியே போதும்னா என் வீட்ட எவன் இழுத்துட்டுப் போவான்?"

"என்ன சொன்னீங்க?"

"'வீடு எதையும் நான் பாக்கல. கரையில ஒரு ஓட்டை இருக்கு'ன்னேன். மத்தேய்க்கு அப்ப இங்கிலீசு பாதிதான் புரியும். நான் சொல்லச் சொல்லத் தலைய ஆட்டிட்டே இருந்தான், நான் அவனுக்காகப் பேசறேன்னு. வெளிய வந்ததும் ரெண்டு கையாலயும் என் கையப் பிடிச்சுக் குலுக்கினான்."

"நிலம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. பாவம், அவங்க வடக்க மணலுக்குப் போனாங்க."

"அந்த நிலத்த அப்புறம் யார் எடுத்தா?"

மாமா நீல ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். ரயில் நிலையம் தெரிந்தது. பாங்க், ஓட்டல், மாமாவின் கடை தெரிந்தன. லிங்கன் எத்தனையோ மைல் தள்ளி இருந்தாலும் மாமா பணம் கட்டிப் படிக்க வைக்கிற என் கல்லூரியும் அதிலிருந்து தெரிந்தது. அதன் பிறகு எனக்குத் தலைப்பு எதுவும் தோன்றவில்லை.

"பட்டா வாங்கினவன் பேரத்தான் வாசிக்கணும்னு ஒரு விதி இருக்கே," என்றார் மாமா, "அத யார் போட்டாங்க தெரியுமா?"

"நீங்களா?"

"கமிட்டி. கமிட்டியில அப்ப நான் மட்டும்தான் இருந்தேன்."

"அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியக்கூடாதுன்னுதான் இத்தன வருஷமா வேண்டிக்கிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை வரா. நான் அவ மூஞ்சியப் பாத்ததே இல்ல. முட்டையப் பாப்பேன். நெப்ராஸ்காவுல முட்டையப் பத்தி என்ன விடத் தெரிஞ்சவன் கிடையாது." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நீ எழுதினதுல முதல் வரி என்ன?"

"'காட்டுப் புல்லின் நடுவே முதல் விளக்கை ஏற்றியவர்.'"

"நல்லாருக்கு," என்றார், சொந்தச் சவப்பெட்டிக்குப் பலகை பார்க்கிறவர் மாதிரி.

விருந்தன்று வீட்டைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத் துணி கட்டியிருந்தார்கள். அச்சு வெளியே தெரியவில்லை. அல்மீராவும் ப்ரூடென்ஸும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. அல்மீரா தன் செலவில் தகடு செய்தே கொண்டுவந்துவிட்டாள், அதில் பெட்டிபோன் என்ற பேர் இருந்தது. வீடு முதலில் எந்த நிலத்தில் நின்றது என்பதை மேயரே தன் பேச்சில் சொல்லட்டும் என்று அத்தை தீர்ப்பு சொல்லியிருந்தாள். தன் கணவர் தன் பேரைத்தான் சொல்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பார்போரா கூடையோடு வந்து, வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அல்மீரா கொலாச் எடுக்கப் போனவள் அங்கேயே நின்றாள்.

"பார்போராம்மா, நீங்களும் அந்தக் காலத்து ஆளுதானே. இந்த வீட்டப் பாத்த ஞாபகம் இருக்கா?"

பக்கத்து மேஜைகளில் ஆண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இருக்கு."

"எங்க நின்னுச்சு?"

"நிக்கல," என்றாள் பார்போரா. "போச்சு."

"போச்சா?"

"எங்க வாசல் வழியாப் போகும். ஒரு வாரம் இப்படிப் போகும். அடுத்த வாரம் அப்படி வரும். மாட்டுக்கு நான் தண்ணி வெப்பேன்."

அல்மீரா கொலாச் எடுக்காமலே நிமிர்ந்தாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஹோரஸ் பெட்டிபோன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பாவம். வயசாயிடுச்சு."

"தனியா இருக்காங்க இல்ல," என்றார் ஏசா க்ரோவெல். "தனியா இருந்தா இப்படித்தான் வீடெல்லாம் நடக்கும்."

மூப்பர் தலையை ஆட்டினார். அந்த வயதுக்காரர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் பரிதாபப்பட்டார்கள். அவள் யாருடைய மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தாளோ, பரிதாபப்பட்டதெல்லாம் அவர்கள்தான். பார்போரா கூடையின் துணியை நேராக்கினாள். இந்த ஊரில் இதுவும் ஒரு வழக்கம் என்பது மாதிரி இருந்தது அவள் முகம்.

மாமாவைப் பேச அழைத்தார்கள். என் நான்கு பக்கத்தோடு எழுந்தார். "காட்டுப் புல்லின் நடுவே," என்று வாசித்தார். அதோடு நிறுத்தினார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்தம்மாவுக்கு வயசாகல," என்றார். "ஆயிருக்கு. ஆனா அவங்க சொன்னது சரி. எல்பர்ட், அந்தத் துணியத் தூக்கு."

தூக்கினேன். அச்சு தெரிந்தது. பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஆண்கள் ஏற்கெனவே குனிந்திருந்தார்கள்.

"இந்த வீடு எந்த நிலத்துலயும் நிக்கல. நான் வாடகைக்கு விட்டேன். யார் யார் எடுத்தாங்கன்னு நான் சொல்லப் போறதில்ல."

"ஹோரஸ்," என்றாள் அல்மீரா, கையில் தகட்டோடு.

ஹோரஸ் தட்டில் இருந்த கோழியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஹோரஸ், அந்தச் சூறாவளி?"

"காத்து இருந்துச்சு," என்றார் ஹோரஸ். "நல்ல காத்து இருந்துச்சு அல்மீரா."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை; ஊரில் அதுவே ஒரு செய்தி.

மாமா கச்சேரிக் கதையைச் சொன்னார். அலங்காரம் இல்லாமல், சரக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார். பனிப்புயலில் தன்னைக் காப்பாற்றிய வீட்டை ஓட்டை என்று சொன்னதையும், மத்தேய் கைகுலுக்கியதையும் விடவில்லை. இப்போது எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் யாருடையது என்பதையும் சொன்னார். எனக்கு என் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புல்லில் வைக்க மனசில்லை. ஹெஸ்டர் அத்தை தொப்பியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

பிறகு மாமா தன் சட்டையிலிருந்து அகல நாடாவைக் கழற்றினார்.

"பேர் வாசிப்பு. முதல் பேர், மத்தேய் ஸெலெங்கா."

கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பார்போரா விரல்களில் ஒட்டியிருந்த மாவை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். மாமா நாடாவோடு அவளிடம் போனார்.

"இது எதுக்கு?" என்றாள்.

"மத்தேய்க்கு."

"மத்தேய் செத்துட்டாரு. பெட்டி நீதான வித்த."

"ஆமா."

"நல்ல பெட்டி," என்றாள் பார்போரா.

மாமாவின் கையில் நாடா அப்படியே இருந்தது. "அன்னிக்குக் கச்சேரியில நான் சொன்னது," என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"தெரியும். அங்க வேலை பாத்த எங்க நாட்டுக்காரன் அடுத்த மாசமே சொன்னான்."

"மத்தேய்க்குமா?"

"அவருக்கு நான் சொல்லல. டட்டில் எனக்காக எவ்வளவு பேசினான், ஆனாலும் கிடைக்கலன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. இந்த ஊர்ல அவருக்கு ஒரே சிநேகிதன் நீதான். அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாமா புல்லில் உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். மேயர் தரையில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

"தெரிஞ்சுமா," என்றார், "என் கடைக்கே முட்டை கொண்டு வந்தீங்க?"

"வேற கடை எங்க இருக்கு? எல்லாத்துலயும் நீதான முதல்."

"என்ன வேணும்னாலும் கேளுங்க. இந்த நிலம்..."

நிலம் என்றதும் பாங்க் பக்கத்தில் ஓர் அசைவு உண்டாயிற்று. பார்போரா ரயில் நிலையத்தைப் பார்த்தாள். ஓட்டலைப் பார்த்தாள். கடையின் மேலே எழுதியிருந்த பேரைப் பார்த்தாள்.

"ரயில எங்க கொண்டு வெப்ப?" என்றாள். பிறகு துணி கட்டின வீட்டைக் காட்டினாள். "அது யாருது?"

ஒரு வாரமாக அதற்காகச் சண்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களது இல்ல," என்றாள் அல்மீரா அவசரமாக.

"எங்களதும் இல்ல," என்றாள் ப்ரூடென்ஸ். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"அப்ப எனக்குக் குடு. கோழிக்கு ஆகும்."

சக்கரம் எங்கே என்ற கேள்வி வந்தது. ஏசா க்ரோவெல் எழுந்து பட்டறைக்குப் போய், நான்கையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் போட்டு வைத்திருந்தார். ஏன் போட்டு வைத்திருந்தார் என்று ப்ரூடென்ஸ் கேட்கவில்லை, வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பாள். குதிரைகளைப் பூட்டினார்கள். கட்டியிருந்த துணி காற்றில் படபடத்ததைப் பார்த்துக் குதிரைகள் மிரண்டு பின்வாங்கின. துணியை அவிழ்த்த பிறகும் மிரண்டன. கடைசியில் ஆண்கள் கயிற்றை எடுத்துக்கொண்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, ஒருவர் எடுத்த பிறகு மற்றவர் எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஹோரஸ் பெட்டிபோன் கோட்டைக் கழற்றி மடித்து அல்மீராவிடம் நீட்டினார். அவள் வாங்காததால் புல்லில் வைத்தார். மாமா முன் கயிற்றில் நின்றார். நான் நிலம் எதுவும் வாங்கியதில்லை, ஆனாலும் அந்தக் கயிற்றில் எனக்கும் இடம் இருந்தது. முதுகுவலி பற்றி யாரும் கேட்கவில்லை.

ஊரின் நடுத்தெரு வழியாக, நல்ல வெயிலில், கோடை உடுப்பில் வந்த குழந்தைகள் பார்க்க, இழுத்துக்கொண்டு போனோம். எனக்கு ஒன்று விளங்கியது. வீட்டை எந்தத் திருப்பத்தில் எப்படித் திருப்ப வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. "இடப்பக்கம் சாயும், பிடி," என்பார் மூப்பர். "பள்ளத்துல கதவு தானாத் திறக்கும்," என்பார் இன்னொருவர், அது திறக்கும் முன்பே. யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த பெண்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மணல் ஆரம்பித்த இடத்தில் சக்கரம் புதைந்து நின்றோம். பார்போராவின் குடிசை அங்கிருந்தே தெரிந்தது. அவள் முன்னால் நடந்து போய், ஒரு வாளித் தண்ணீரும் அகப்பையுமாக வந்தாள். வரிசையாக ஒவ்வொருவரிடமும் நின்றாள். பாங்க் தலைவர் குனிந்து குடித்தார். கொல்லர் குடித்தார். மூப்பர் குடித்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டவர் யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. மாமாவிடம் வரும்போது வாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். அதையும் அவர் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் பார்போரா. "ஜன்னல் கிழக்கப் பாக்கட்டும். கோழிக்கு வெயில் வேணும்."

தள்ளினோம். இந்த வட்டாரத்தில் அதுவரை அந்த வீடு ஒரு தடவைகூட நிற்காத நிலம் அவர்களுடையது ஒன்றுதான். ஏசா சக்கரங்களைக் கழற்றி அங்கேயே சுவரில் சாய்த்து வைத்தார். எல்லாரும் திரும்பி நடந்தோம். ஹோரஸின் கோட்டு தோப்பில் புல்லிலேயே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன். வாசலில் இருந்த பெஞ்சு காலி. வழக்கமாக அங்கே உட்காருகிறவர்களுக்கு அந்த வாரம் வீட்டில் வேலை இருந்தது. பார்போரா கூடையோடு உள்ளே வந்து மேஜை மேல் வைத்தாள். மாமா கூடையைத் தொடவில்லை. கைகளை மேஜையில் ஊன்றி, கழுத்து வலிக்கிறவர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்தார்.

பார்போரா சிறிது நேரம் பொறுத்துக்கொண்டாள்.

"மூஞ்சியில என்ன இருக்கு," என்றாள். "முட்டையப் பாரு. உடைஞ்சிருக்கப் போகுது."

மாமா முட்டையைப் பார்த்தார்.